மார்கழிக்குள் ஒரு ஜோடி சாக்ஸ்

டெல்லி வீடுகளில் குளிர் முதலில் குடியேறுவது தரையில்தான். மொசைக், மார்பிள், டைல்ஸ் எதுவானாலும் விடிகாலையில் வெறுங்காலை வைக்க முடியாது. திருப்பாவைக்கு எழுந்து பூஜை அறையில் நிற்கிற பாட்டிக்கும், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுகிற மாமாவுக்கும் கையால் பின்னிய கம்பளி சாக்ஸ் மார்கழி முழுக்க உதவும். அலுவலகம், சமையல், குழந்தையின் பாட்டு கிளாஸ் என்று ஓடுகிறவர்களாலும் அதைப் பின்னி முடிக்க முடியும். எந்த வேலையை எங்கே செய்வது என்பதை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

சீதா (நேர்ப் பின்னல், knit), உல்டா (எதிர்ப் பின்னல், purl) இரண்டும் பின்னத் தெரிந்திருந்தால் போதும். டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் பலர் பின்னல் கற்றது பஞ்சாபி அண்டை வீட்டாரிடம் என்பதால் அந்தச் சொற்களையே இங்கேயும் வைத்துக்கொள்வோம். கடையில் கேட்கும்போது ஊசிக்கு சலாயி, கண்ணிக்கு ஃபந்தா.

நேரக் கணக்கு

சராசரிப் பெண்ணின் காலுக்கு, நடுத்தரத் தடிமன் நூலில், சுற்றுக்கு 48 கண்ணி. கணுக்கால் பகுதி 50 சுற்று, பாதம் 40 சுற்று. நிமிடத்துக்கு 20 கண்ணி என்ற நிதான வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். ஒரு சாக்ஸின் இந்த 90 சுற்றுக்கு, அதாவது குழாய்ப் பகுதிக்கு, மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜோடிக்கு ஏழு மணி. விரல் முனை, குதிகால், இணைப்பு எல்லாம் சேர்த்து இன்னும் மூன்று மணி. ஆக ஒரு ஜோடிக்குப் பத்து மணி நேரம்.

பத்தில் ஏழு மணி நேர வேலைக்கு மூளையே தேவையில்லை. வட்டமாகப் பின்னும்போது மேல் விளிம்பைத் தவிர வேறெங்கும் உல்டா கிடையாது, சீதா மட்டும்தான். அதை மெட்ரோவில், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கையில், கிளாஸ் வாசலில் என்று எங்கேயும் பின்னலாம். மயூர் விஹார் ஒன்றிலிருந்து ராஜீவ் சௌக் வரை உட்கார இடம் கிடைத்தால் ஐந்தாறு சுற்று முடியும். நின்றுகொண்டு பின்ன வேண்டாம், பிரேக் போட்டால் ஊசி பக்கத்தில் நிற்பவர் மேல் படும். கவனம் கேட்கும் மூன்று மணி நேர வேலையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கும். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஒரு ஜோடிக்கு நான்கு வாரம். துவைத்து உலர்த்தவும் நாள் வேண்டும், எனவே நவம்பர் 10-க்குள் கண்ணி ஏற்றிவிடுங்கள். மூன்று பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் புரட்டாசி பிறந்ததும் தொடங்க வேண்டும். ஐப்பசியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து ஜோடி என்று மனக்கணக்குப் போடாதீர்கள், ஒன்றும் முடியாது.

இதற்குப் பொருந்தும் அமைப்பு ஒன்று உண்டு. குதிகாலை இடையில் திருப்பாமல் முழுச் சாக்ஸையும் நேர்க் குழாயாகப் பின்னி, குதிகால் வர வேண்டிய இடத்தில் வேறு நூலில் ஒரு வரி மட்டும் வைத்துவிடுவது. பிறகு வீட்டில் அந்த நூலை உருவி, திறக்கிற வாயில் குதிகாலைப் பின்னுவது. மடல் வைத்துப் பக்கவாட்டில் கண்ணி எடுக்கும் குதிகால் காலோடு இன்னும் நன்றாக ஒட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ரயிலில் செய்யும் வேலை இல்லை. பாதியில் நிறுத்தினால் எந்த வரிசையில் இருந்தோம் என்பதே மறந்துபோகும்.

நூலும் ஊசியும்

கரோல் பாக், லாஜ்பத் நகர் மார்க்கெட்டுகளின் உல்லன் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் அல்லது அக்ரிலிக் கலந்த கம்பளி. முழு அக்ரிலிக் துவைக்க எளிது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. இழுபட்டால் பழைய அளவுக்குத் திரும்பவும் மாட்டாது. முழுக் கம்பளி கதகதப்பானது, ஆனால் குதிகால் சீக்கிரம் தேயும். லேபிளில் கம்பளி 75, நைலான் 25 என்ற கலவை கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் குழாய்க்குக் கம்பளிக் கலவையும், குதிகாலுக்கும் விரல் முனைக்கும் அதோடு ஒரு மெல்லிய நைலான் இழையும் சேர்த்துப் பின்னலாம். பரிசு வாங்குகிறவர் வாஷிங் மெஷினில் போடுகிறவர் என்றால், மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் இருக்கிற நூலை மட்டும் வாங்குங்கள். சாதாரணக் கம்பளி வெந்நீரில் ஒருமுறை சுழன்றால் குழந்தை சாக்ஸ் அளவுக்குச் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

பெண்களுக்கு 100 கிராம், ஆண்களுக்கு 150 கிராம். குதிகாலுக்கு வேறு நிறத்தில் 25 கிராம். வேறு நிறம் என்பது அழகுக்காக மட்டும் இல்லை, நூல் பற்றாமல் போகும் பயத்தையும் அது போக்கிவிடும். எல்லா உருண்டையிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் லாட் மாறினால் பகல் வெளிச்சத்தில் இரண்டு சாக்ஸும் வித்தியாசமாகத் தெரியும். தொடங்குமுன் சமையலறைத் தராசில் நூலைச் சரிபாதியாகப் பிரித்துச் சுற்றிவையுங்கள்.

ஊசி 3 மி.மீ., கடைக்காரர் சொல்லில் 11 நம்பர் சலாயி. 80 செ.மீ. கேபிள் உள்ள சர்குலர் ஊசியாக, மூங்கில் முனையோடு கிடைத்தால் நல்லது. இரு முனையும் கூரான ஐந்து ஊசி செட்டிலும் செய்யலாம், ஆனால் ரயிலில் ஓர் ஊசி நழுவினால் சீட்டுக்கு அடியில்தான் தேட வேண்டும். சர்குலரில் பாதிக் கண்ணிகள் ஒரு முனையில், மீதி மறு முனையில். இடையில் கேபிளை வளையமாக வெளியே இழுத்துவிட்டு ஒவ்வொரு பாதியாகப் பின்னுவீர்கள். கண்ணி ஏற்ற மட்டும் ஒரு 4 மி.மீ. ஊசி, அதாவது 8 நம்பர். இவற்றோடு மழுங்கிய முனையுள்ள பெரிய கண் தையல் ஊசி, இன்ச் டேப்.

தெரியாமல் அளவு எடுப்பது

வாசலில் விட்ட செருப்பே போதும். உள்பக்க நீளத்தில் 1 செ.மீ. கழித்தால் பாதத்தின் நீளம். ஷூ நம்பர் தெரிந்தால் அதுவும் சரி: 5 என்றால் சுமார் 24 செ.மீ., 7 என்றால் 25.5, 9 என்றால் 27. பாதச் சுற்றளவு தெரிந்தால் இன்னும் நல்லது. 21 செ.மீ. சுற்றுக்கு 44 கண்ணி, 23-க்கு 48, 25-க்கு 52, 27-க்கு 56. தெரியாவிட்டால் பெண்களுக்கு 48, ஆண்களுக்கு 52 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் காலைவிடச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருந்தால்தான் வழியாமல் ஒட்டி நிற்கும். மேலே சொன்ன எண்களில் அந்தக் கழிவு சேர்ந்தே இருக்கிறது.

இந்த எண்ணிக்கை எல்லாம் 10 செ.மீ.யில் 24 கண்ணி விழுகிற பின்னலுக்கு. தனியாக மாதிரித் துண்டு பின்ன வேண்டாம். சாக்ஸையே தொடங்கி, விளிம்பு முடிந்து 3 செ.மீ. வந்ததும் தட்டையாக வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். 48 கண்ணிக்கு 10 செ.மீ. இருக்க வேண்டும். 11 வந்தால் பிரித்துவிட்டு 2.75 மி.மீ. ஊசி, 9 வந்தால் 3.25. பிரிக்க மனம் வராது. ஆனாலும் ஒரு மணி நேர வேலையை இப்போது பிரிப்பதா, பத்து மணி நேர வேலை யார் காலுக்கும் சேராமல் அலமாரியில் கிடப்பதா என்று யோசித்துப் பாருங்கள்.

குழாய்

கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நூலை மாட்டி ஒற்றை ஊசியால் ஏற்றும் முறையில், 4 மி.மீ. ஊசியில் 48 கண்ணி ஏற்றுங்கள். வால் நூல் ஒரு மீட்டர் விடுங்கள். அடுத்து 3 மி.மீ. சர்குலருக்கு மாற்றி 24, 24 ஆகப் பிரியுங்கள். வட்டத்தை மூடுமுன் கண்ணிகளின் அடிப்பக்கம் முழுக்க உள்நோக்கி இருக்கிறதா என்று மேஜையில் வைத்துப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் முறுக்கியிருந்தாலும் குழாய் முறுக்கிக்கொண்டே வளரும், பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று 16 சுற்று, அதாவது 5 செ.மீ. இங்கே நிறுத்தி விளிம்பை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். சுற்றளவு 32 செ.மீ.க்காவது விரிய வேண்டும். குதிகாலிலிருந்து மேற்பாதம் வரை சாய்வாக அளந்தால் கால் அவ்வளவு இருக்கும். விரியாத விளிம்பு அங்கே சிக்கிக்கொள்ளும். இறுகிய விளிம்பைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

பிறகு 34 சுற்று வெறும் சீதா. ஊசியிலிருந்து ஊசிக்கு மாறும் இடத்தில் ஏணிபோல் ஒரு வரி தளர்ந்து தெரியும். முதல் கண்ணியை இழுத்துப் பிடித்தால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவதைப் பின்னிய பிறகு நூலைச் சுண்டினால்தான் இடைவெளி மூடும்.

எங்கே நிறுத்தினாலும் சுற்றின் முடிவில் நிறுத்துங்கள், சுற்று எண்ணிக்கையை போனில் எழுதுங்கள். இரண்டாவது சாக்ஸை இன்ச் டேப் வைத்துப் பின்னினால் முதலாவதோடு ஒத்துப்போகாது. களைப்பான நாளில் கை இறுகும், விடுமுறையில் தளரும். சுற்றை எண்ணிப் பின்னினால் இரண்டும் ஒன்றுபோல் வரும்.

50 சுற்று முடிந்ததும் குதிகால் வரி. இதற்கு வழவழப்பான பருத்தி நூல் வேண்டும். சாக்ஸ் அடர்நிறமாக இருந்தால் பூ கட்டும் வெள்ளை நூலை மூன்று இழையாகச் சேர்த்தால் சரியான தடிமன் வரும். கம்பளி மிச்சத்தை வைக்காதீர்கள், அதன் ரோமம் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொண்டு உருவ வராது. முதல் பாதியின் 24 கண்ணிகளைப் பருத்தி நூலால் சீதா பின்னுங்கள். பின்னிய அந்த 24-ஐயும் இடது முனைக்கே திருப்பித் தள்ளி, சாக்ஸ் நூலால் அவற்றின்மேல் மறுபடி சீதா பின்னுங்கள். அவ்வளவுதான். பார்க்க ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும், குழாய் தொடரும். இதை ஐந்து நிமிடத்தில் ஸ்டேஷன் பெஞ்சிலேயே செய்துவிடலாம்.

வெள்ளைக் கோட்டிலிருந்து விரல் முனைவரை எவ்வளவு நீளம்? 48 கண்ணி என்றால் பாத நீளத்தில் 12 செ.மீ. கழியுங்கள். குதிகாலுக்கு 5, விரலுக்கு 5, ஒட்டிப் பிடிக்க 2. ஆக 24 செ.மீ. பாதத்துக்கு 12 செ.மீ. குழாய். 44 கண்ணிக்கு 10.5 கழியுங்கள், 52-க்கு 13, 56-க்கு 14.

முதல் குழாய் முடிந்ததும் கண்ணிகளைத் துண்டு நூலில் கோத்து வைத்துவிட்டு இரண்டாவது குழாயைத் தொடங்கிவிடுங்கள். ஒற்றைச் சாக்ஸை முழுதாக முடித்துப் பார்த்துவிட்டால் அடுத்ததில் மனம் செல்லாது. பலருடைய பெட்டியில் ஒற்றைச் சாக்ஸ் கிடப்பது இதனால்தான்.

முதல் ஞாயிறு: விரல் முனை

குதிகால் கோடு இருக்கும் பாதி உள்ளங்கால், மறு பாதி மேற்பாதம். ஒவ்வொரு பாதியிலும் இப்படி: ஒரு சீதா, அடுத்த இரண்டு கண்ணிகளையும் சீதாவுக்கு நுழைப்பதுபோல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு நழுவவிட்டு, இடது ஊசியை முன்பக்கமாக இரண்டிலும் செருகிச் சேர்த்துப் பின்னுங்கள், கடைசி மூன்று வரும்வரை சீதா, இரண்டைச் சேர்த்து ஒரு சீதா, கடைசியில் ஒரு சீதா. ஒரு சுற்றில் நான்கு கண்ணி குறையும். அடுத்த சுற்று வெறும் சீதா. இரண்டையும் மாற்றி மாற்றி, பாதிக்கு 8 வீதம் மொத்தம் 16 கண்ணி நிற்கும்வரை. 48-லிருந்து எட்டுக் குறைப்புச் சுற்று, 52-லிருந்து ஒன்பது.

மீதி 16-ஐ நூலில் கோத்துச் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். அந்த முடிச்சு ஷூவுக்குள் விரலை உறுத்தும். இணைப்புத் தையல்தான் சரி. 30 செ.மீ. நூல் விட்டு வெட்டித் தையல் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊசிகளையும் இணையாகப் பிடியுங்கள். தொடக்கமாக முன் ஊசியின் முதல் கண்ணியில் உல்டா போல் நுழைத்து அப்படியே விடுங்கள். பின் ஊசியின் முதல் கண்ணியில் சீதா போல் நுழைத்து விடுங்கள். அதன்பின் முன் ஊசியில் "சீதா, இறக்கு, உல்டா, விடு", பின் ஊசியில் "உல்டா, இறக்கு, சீதா, விடு". இறக்குவது என்றால் அந்தக் கண்ணியை ஊசியிலிருந்து கழற்றுவது. விடுவது அடுத்த கண்ணியில், அதைக் கழற்றக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் நான்கும் முடித்துவிட்டு எழுந்திருங்கள். நூலை இறுக்காமல் போய்க்கொண்டிருந்து, கடைசியில் ஊசி முனையால் ஒவ்வொன்றாகச் சமன்செய்யுங்கள்.

இரண்டாவது ஞாயிறு: குதிகால்

பருத்திக் கோட்டை உருவுமுன் கண்ணிகளை ஊசியில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உருவினால் கண்ணிகள் ஓடும். கோட்டுக்குக் கீழ் வரிசையில் ஒவ்வொரு கண்ணியின் வலது காலையும் எடுத்தால் 24 கிடைக்கும். மேல் வரிசையில் 23தான் தெரியும், ஓரத்தில் ஒன்றைச் சேர்த்து 24 ஆக்குங்கள். பிறகு பருத்தி நூலை ஒரு முனையிலிருந்து மெல்ல உருவுங்கள்.

இரண்டு மூலையிலும் ஓட்டை விழும், எப்போதும் விழும். மூலைக்கு இரண்டு கண்ணி கூடுதலாக, நூலை முறுக்கி எடுத்து, மொத்தம் 52 ஆக்குங்கள். குதிகால் நிற நூலில் ஒரு சுற்றுப் பின்னி, அடுத்த சுற்றில் கூடுதல் நான்கையும் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி 48-க்குத் திரும்புங்கள். அதன்பின் விரல் முனையில் செய்த அதே குறைப்பு, அதே 16, அதே இணைப்பு.

இந்தக் குதிகாலின் ஒரே குறை ஆழம். மேற்பாதம் உயர்ந்தவர்களுக்குக் கணுக்காலின் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும். குறைப்பு தொடங்குமுன் மூன்று வெறும் சுற்று சேர்த்தால் அது தீரும். கால் எப்படி என்று தெரியாவிட்டாலும் சேர்த்துவிடுங்கள், லேசாகத் தளர்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

யார் காலுக்கு

மெட்டி போடுகிறவர்களுக்குப் பின்னும்போது விரல் முனைக்கு மட்டும் ஊசியை 2.75 மி.மீ.க்கு மாற்றுங்கள். மெட்டியின் விளிம்பு தளர்ந்த கண்ணியில் மாட்டி இழுத்துவிடும். ஓட்டை டிசைன், இரண்டு நிறப் பின்னல் இரண்டும் அவர்களுக்கு வேண்டாம். உள்பக்கம் தொங்கும் நூலில் மெட்டி நாள்தோறும் சிக்கும். கொலுசு போடுகிறவர்களுக்குக் கணுக்கால் பகுதியை 50 சுற்றுவரை கொண்டுபோகாமல், விளிம்பு கொலுசுக்குக் கீழேயே நிற்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குக் கொடுக்கும் சாக்ஸ் மார்பிளில் வழுக்கும். இதை அலட்சியம் செய்யக் கூடாது, ஒரு சறுக்கலில் இடுப்பெலும்பு போய்விடும். காலின் அளவுக்கு அட்டை வெட்டி உள்ளே நுழைத்து, உள்ளங்காலிலும் குதிகாலிலும் சிலிகான் சீலன்ட்டால் மிளகு அளவுப் புள்ளிகளை ஒரு செ.மீ. இடைவெளியில் வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு தரையில் தேய்த்துச் சோதியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உள்ளே ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. நூல் முனைகளை முடிச்சுப் போடாமல் 5 செ.மீ. நீளத்துக்கு ஊடாகச் செருகிவிடுங்கள். விளிம்புக்கு நான்கு கண்ணி கூட்டி ஏற்றி, விளிம்பு முடிந்ததும் குறைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது காலில் தழும்பு தெரிந்தால் அந்த விளிம்பு அவருக்கு இறுக்கம்.

கொடுக்குமுன்

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கம்பளித் துணி சோப்புத் திரவம் விட்டுப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி மேலே ஏறி நில்லுங்கள், தண்ணீரைத் துண்டு குடித்துவிடும். பிறகு தட்டையாகப் பரப்பி நிழலில் காயவிடுங்கள். டிசம்பர் மூடுபனியில் இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு ஹீட்டர்மேல் போட்டால் சுருங்கும். இந்த ஒரு துவைப்பில் ஏறி இறங்கித் தெரிந்த கண்ணிகள் எல்லாம் சமமாகிவிடும்.

ஒரு சிறு தாளில் நூலின் கலவை, துவைக்கும் முறை, வெயில் காலத்தில் துவைத்துக் காயவைத்த பிறகே காய்ந்த வேப்பிலையோடு உறையில் போட்டு மூட வேண்டும் என்ற குறிப்பு மூன்றையும் எழுதி வையுங்கள். அழுக்கோடு எடுத்து வைத்த கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். அதோடு குதிகால் நூலில் மிச்சமானதைச் சிறு உருண்டையாகச் சுற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குளிர்காலம் கழித்துக் குதிகால் தேய்ந்து திரும்பி வந்தால், இணைப்பைப் பிரித்துக் குதிகாலை மட்டும் நிறம் மாறும் வரிசைவரை அவிழ்த்து, கண்ணிகளை ஊசியில் எடுத்துப் புதிதாகப் பின்ன ஒரு மணி நேரம் போதும்.